அமலாவுக்கு வந்த பதினாலு மிஸ்டு கால்

உலகத்தில் யோசனை சொல்லிப் பிழைக்கிறவர்கள் உண்டு. வக்கீல் சொல்வார், ஜோசியர் சொல்வார், பீஸ் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஆனால் காலணா வாங்காமல், நாம் கேட்காமலே, ஐயா சாமி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாலும் விடாமல், பஸ் கேட்டுக்குள் நுழைந்து நிற்கும் வரைக்கும் யோசனை சொல்லிக்கொண்டே வருகிற ஓர் இனம் இருக்கிறது. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘நல்லதுக்குச் சொல்றவர்’. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எத்தனை கம்பெனி பஸ் ஓடுகிறதோ, அத்தனையிலும் ஒருத்தர் உண்டு. ஸ்டெப்னி டயர் இல்லாமல்கூட பஸ் கிளம்பிப் பார்த்திருக்கிறேன். இவர் இல்லாமல் கிளம்பிப் பார்த்ததில்லை.

எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். பக்கத்தில் போய் உட்கார்ந்து உங்கள் ஆசை ஒன்றைச் சொல்லுங்கள். வீடு கட்டப்போகிறேன், மாடு வாங்கப்போகிறேன், பையனை கராத்தேயில் சேர்க்கப்போகிறேன், எது வேண்டுமானாலும் சரி. அவர் உடனே வாயைத் திறக்கமாட்டார். கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றுவார். அதன் நாடாவை ஆள்காட்டி விரலில் மெதுவாகச் சுற்றுவார். கடைசிச் சுற்று முடிந்ததும், “தப்பா நெனைச்சுக்காத” என்பார். தீர்ந்தது. உங்கள் ஆசைக்கு அன்றைக்கே பால் ஊற்றிவிடலாம்.

அவருக்கு நேராக ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்தவரைத் தெரியும். அவருடைய சகலைக்கு ஒரு ஊர் உண்டு, அந்த ஊரில் இல்லாத ஆளே கிடையாது. நீங்கள் எந்தக் காரியத்தைச் செய்ய நினைக்கிறீர்களோ அதே காரியத்தை அந்த ஊரில் ஒருத்தர் ஏற்கெனவே செய்து நாசமாகிப் போயிருப்பார். வீடு கட்டினவர் வாடகை வீட்டுக்கு வந்திருப்பார். மாடு வாங்கினவரை மாடே முட்டியிருக்கும். ஒரே ஊரில் இத்தனை பேர் எப்படித்தான் கெட்டார்களோ, அந்த ஊருக்கு ஒரு நாள் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எங்கள் பஸ்ஸில் இந்தப் பதவியில் இருப்பவர் சண்முகசுந்தரம். மண்ணூர்க்காரர், ஸ்டோர்ஸில் வேலை, வயது ஐம்பத்திரண்டு. சண்முகம் அண்ணன் என்போம். பஸ் மண்ணூரில்தான் கிளம்புகிறது என்பதால் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் அவருடையது. அடுத்து பென்னலூரில் நாங்கள் ஏறுவோம். அங்கே உட்கார்ந்துகொண்டு எங்களில் எத்தனை பேரை எத்தனை காரியத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார் தெரியுமா? அவர் மட்டும் என்ன சும்மாவா, ஒன்பது வருஷமாக, ‘அடுத்த மாசம் பேப்பர் போட்டுட்டு மாட்டுத்தீவனக் கடை வைக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ராஜினாமாக் கடிதத்துக்கு எங்கள் பக்கம் பேப்பர் என்று பெயர். அவர் பேப்பர் இன்னும் வெள்ளைத் தாளாகத்தான் இருக்கிறது. மாடுகளும் காத்துக்கொண்டிருக்கின்றன.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் அதே பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னலோரச் சீட். வண்டிகளுக்கான வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. ஒவ்வொரு கட்டையும் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன், இல்லாவிட்டால் சிவப்பு. பதினைந்து வருஷமாகத் தப்பைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. சண்முகம் அண்ணனைப் பற்றிச் சொல்ல எனக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

அமலா என் பக்கத்துச் சீட். அதே கம்பெனியில் லைனில் பதினோரு வருஷம் நின்றவள். வீட்டுக்காரர் அருள்நாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒரே பெண் எட்டாம் வகுப்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் அருள்நாதனுக்கு விபத்தில் தொடை எலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையாகக் கிடந்தார். அவரைத் திருப்பிப் படுக்க வைத்தது, கட்டு மாற்றியது, துடைத்து எடுத்தது எல்லாம் இவள்தான். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. செக்கப்புக்குப் போனபோது வார்டு நர்ஸம்மா அவர் முதுகைப் பார்த்துவிட்டு இவள் கையைப் பார்த்தாராம். “இந்தக் கையை வெச்சுகினு இன்னாம்மா கம்பெனில வயர் சொருகிகினு கீற?” என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. வேலையை விட்டுவிட்டு நர்சிங் பள்ளியில் சேர்ந்து மூன்று வருஷம் படிக்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டது. அருள்நாதன், ‘நான் ரெண்டு ட்ரிப் சேத்து அடிக்கிறேன், நீ படி’ என்று சொல்லிவிட்டார். புருஷன் சரி என்றான், பெண் சரி என்றாள். பாக்கி யார்? பஸ்ஸில் முதல் சீட்.

முதல் வருஷம் அவள் விண்ணப்பப் பாரம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நாடா சுற்றியது. நர்சிங்குக்கு ரூல் எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள், இந்த வருஷம் சேர்ந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டியிருக்கும், ஒரு வருஷம் பொறுத்தால் நல்லது என்று அண்ணன் சொன்னார். சகலை ஊரில் ஒரு பெண் அப்படித்தான் மாட்டிக்கொண்டு அழுகிறதாம். அமலா பொறுத்தாள். ரூல் ஒன்றும் மாறவில்லை. அவள் வயதுதான் மாறியது.

இரண்டாம் வருஷம் இன்னும் பெரிய சேதி. இனிமேல் தபாலிலேயே நர்சிங் படிக்கலாம், வீட்டிலிருந்தபடியே சர்ட்டிபிகேட் வந்துவிடும், வேலையை விடவே வேண்டாம், அண்ணன் ஆளிடம் பேசிவிட்டார். பேசிவிட்டேன் என்று இந்த இனம் சொன்னால் பேசப்போகிறேன் என்று அர்த்தம், பேசப்போகிறேன் என்றால் மறந்துவிட்டேன் என்று அர்த்தம். தபாலில் ஊசி போடக் கற்றுக்கொள்ள முடியுமா என்று பஸ்ஸில் இருந்த நாற்பத்தெட்டு பேரில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அண்ணன் சொல்றதும் சரியாத்தான் இருக்கும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, தபாலை நம்பி அமலா இன்னொரு வருஷத்தைக் கைவிட்டாள்.

மூன்றாவது வருஷம் அவளுக்கு முப்பத்து நாலு. அவள் விண்ணப்பித்த பள்ளி செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது, பெயர் எதற்கு. அங்கே முப்பத்தைந்து ஆகிவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த வருஷம் சேர்க்கை ஆரம்பிக்கும்போது அவளுக்கு வயது தாண்டியிருக்கும். இந்த வருஷம் விட்டால் ஆயுசுக்கும் வயர்தான். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், சண்முகம் அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் நாடா சுற்றியது.

“தப்பா நெனைச்சுக்காத அமலா. பதினெட்டு வயசுப் பசங்களோட பெஞ்சுல குந்திகினு, டீச்சர் உன்ன விட சின்னதா இருக்கும், உன்னால ஆவுமா? நான் நல்லதுக்குச் சொல்றேன்.”

அமலா முதல் தடவையாக அவருக்குப் பதில் சொன்னாள். “பாரம் குடுத்துட்டேன்ணா. புதன்கிழமை இன்டர்வியூ.”

இந்த இனத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். தடுக்க முடியவில்லை என்று தெரிந்ததும் கூடவே வண்டியில் ஏறிக்கொள்ளும். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அண்ணன் இன்டர்வியூ மாஸ்டர் ஆகிவிட்டார். கம்பெனி வேலை என்று மூச்சு விடக்கூடாது, விட்டால் நர்ஸுக்கு லாயக்கில்லை என்று துரத்திவிடுவார்கள், வீட்டில் இருந்தேன் என்று சொல், சின்ன வயதிலிருந்தே சேவை செய்யவேண்டும் என்று உள்ளம் துடிக்கிறது என்று சொல், துடிக்கிறது என்னும்போது கையை நெஞ்சில் வை. நாலு நாள் பஸ்ஸில் ஒத்திகை நடந்தது. அவர் இதுவரை போன இன்டர்வியூ மொத்தம் ஒன்று, அதுவும் அவருடைய மாமா வாங்கிக்கொடுத்த வேலைக்கு.

அந்த வாரம் எங்களுக்கு இரண்டாம் ஷிஃப்ட், பஸ் மதியம் ஒன்றேகாலுக்குத்தான். அமலா லீவு போட்டாள். புதன்கிழமை காலை அருள்நாதன் தன் ஆட்டோவிலேயே சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட, ரயிலேறி ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளி கேட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் கம்பெனிகளில் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, செக் பண்ணுகிற அக்கா முன்னால் இரண்டு கையையும் விரித்து நிற்கவேண்டும். பதினோரு வருஷம் ஒரு நாள் தவறாமல் இதைச் செய்தவளுக்குக் கேட் என்று ஒன்றைப் பார்த்தாலே கை தானாகப் போகிறது. வாட்ச்மேன் கேட்கவே இல்லை. இவளாகப் போனை எடுத்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, “டோக்கன் குடுங்கண்ணா” என்றாள். அப்புறம் கையை விரித்து நின்றுகொண்டு, செக் பண்ற அக்கா எங்கே என்று கேட்டாள்.

வாட்ச்மேன் அய்யாத்துரை தெற்கத்திக்காரர், நல்ல மனுஷன். சிரிக்கவில்லை. இந்த அம்மாவுக்கு என்னமோ வேண்டுதல்போல என்று நினைத்தாரோ என்னமோ, நோட்டின் ஓரத்தைக் கிழித்து ஏழு என்று எழுதிக் கொடுத்து, போனை டிராயரில் போட்டுப் பூட்டி, “கைய எறக்கிக்கிடுங்க தாயி, உள்ள போங்க” என்று அனுப்பினார்.

உள்ளே வராந்தாவில் எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து நேற்று வெளியே வந்த பெண்கள். கூட வந்திருந்த அம்மாக்கள் இருவர் அமலாவிடம், உங்க பொண்ணு எங்கே, டாய்லெட் போயிருக்கா என்று கேட்டார்கள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாள். எழுந்து போய்விடலாமா என்று பத்துத் தடவை நினைத்தாளாம். யாராவது ஒருத்தர் திரும்பி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வந்திருப்பேன் அக்கா என்று அப்புறம் என்னிடம் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அதே நேரத்தில் மண்ணூர் டீக்கடையில் ஒரு மனுஷர் துடித்துக்கொண்டிருந்தார். சண்முகம் அண்ணனுக்குச் சேதி வந்துவிட்டது. யாரிடமிருந்து? சகலைக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடமிருந்து. இன்றைக்கு இன்டர்வியூ சின்னப் பெண்களுக்கு மட்டும், முப்பது தாண்டியவர்களுக்குத் திங்கட்கிழமை. அது வேறு ஊர், வேறு பள்ளி, வேறு படிப்பு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் வராந்தாவில் சுற்றிலும் சின்னப் பெண்களாகப் பார்த்துக்கொண்டிருந்த அமலா அந்தச் சேதியைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? அப்பாடா என்று எழுந்து வந்திருப்பாள். திங்கட்கிழமை போய் நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

போன் அடித்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அய்யாத்துரையின் டிராயருக்குள்.

பதினொன்றரைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பள்ளி முதல்வர் அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அமலா கையை நெஞ்சில் வைத்து, “சின்ன வயசுலருந்தே சேவை” என்று ஆரம்பித்தாள். துடிக்கிறது வரவில்லை. உள்ளமும் வரவில்லை. நாலு நாள் ஒத்திகை காற்றோடு போச்சு. கையைக் கீழே இறக்கிவிட்டு, கம்பெனி லைனில் பதினோரு வருஷம் மேடம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். முதல்வர் அம்மா துரத்தவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார். உங்கள் ட்யூட்டி முடிந்துவிட்டது, அடுத்த நர்ஸ் இன்னும் வரவில்லை, வீட்டில் உங்கள் குழந்தைக்கு ஜுரம் என்று போன் வருகிறது, என்ன செய்வீர்கள்?

“எங்க லைன்ல ரிலீவர் வந்து நிக்காம யாரும் எடத்த வுட்டு நகரக் கூடாது மேடம். வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட கேப்பேன். வந்தவங்ககிட்ட எது முடிஞ்சுது, எது பாக்கி, எதுல சந்தேகம்னு காட்டிக் குடுத்துட்டுத்தான் கைய எடுப்பேன். வயருக்கே அப்டி செஞ்சேன், மனுஷங்களுக்கு செய்யமாட்டனா?”

முதல்வர் அம்மா பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். இந்தப் பதிலை வரவைக்க நாங்கள் மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறோம் என்று சொன்னாராம். பன்னிரண்டரைக்குப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அதில் ஆறாவது பெயர் அமலா. அவள் அங்கேயே நின்று அழுதாள். பெண் எங்கே என்று கேட்ட அம்மாக்களில் ஒருத்தி தன் முந்தானையைக் கொடுத்தாளாம், முகம் துடைக்க.

அப்புறம்தான் ஏழாம் நம்பர் சீட்டைக் கொடுத்துப் போனை வாங்கினாள். பதினாலு மிஸ்டு கால்.

அவள் திருப்பிக் கூப்பிட்டபோது எங்கள் பஸ் பென்னலூரைத் தாண்டிவிட்டது. அதுவரைக்கும் அண்ணன், நான் போன் போட்டேன், எடுக்கவில்லை, பெரியவங்க பேச்சைக் கேட்காதவங்க கதி இதுதான் என்று முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் அறிவித்துக்கொண்டிருந்தார். அவள் பெயரைத் திரையில் பார்த்ததும், எல்லாரும் கேக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணா, போன கேட்ல குடுத்துட்டேன்ணா, இப்பதான் பாத்தேன். இன்டர்வியூ முடிஞ்சுது. எனக்கு சீட்டு கெடைச்சிருச்சுண்ணா.”

பாதி சுற்றிய நாடா அப்படியே நின்றது. இந்த இடத்தில் நீங்களாகவோ நானாகவோ இருந்தால் வெட்கப்பட்டிருப்போம், குறைந்தது இருமியாவது இருப்போம். அந்த இனம் இருமாது. மூன்று விநாடிதான்.

“அதுக்குத்தாம்மா காலைலருந்து போட்டுகினு கீறேன். மொத வாழ்த்து என்னுதா இருக்கணும்னு.”

பட்டியல் ஒட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே வாழ்த்த ஆரம்பித்தவரை உலகம் இதுவரை கண்டதுண்டா? பஸ் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அமலா பேப்பர் போட்ட கடைசி நாள், எங்கள் லைன் வழக்கப்படி கேன்டீனில் கேக்கும் ஒரு சுவர்க் கடிகாரமும். யாரும் கூப்பிடாமலே ஸ்டோர்ஸிலிருந்து அண்ணன் வந்து பத்து நிமிஷம் பேசினார். இந்தப் பெண்ணுக்குள் ஒரு நர்ஸ் இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது யார், மூன்று வருஷம் கூடவே நின்றது யார், இன்டர்வியூவுக்குத் தயார் செய்தது யார் என்று கேள்வி கேட்டுத் தானே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அமலா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். அண்ணா சொன்னதையெல்லாம் கேட்டிருந்தால் நான் இந்நேரம் எங்கே இருந்திருப்பேன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும் என்றாள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அண்ணன்தான்.

இப்போது அமலா இரண்டாம் வருஷம் படிக்கிறாள். டீச்சர் அவளைவிடச் சின்னவள்தான், அமலாவை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாளாம். போன வாரம் எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த பூஜா என்கிற பெண், அந்த அக்கா மாதிரி நானும் நர்சிங் போகலாமா என்று பஸ்ஸில் யாரையோ கேட்டுவிட்டது. முன்சீட்டில் நாடா சுற்றியது.

“தப்பா நெனைச்சுக்காத. நர்சிங்கா? எங்க அமலா கீது, நான் சேத்துவுட்ட பொண்ணு. அதுவே படாத பாடு படுது. நல்லதுக்குச் சொல்றேன், ஒரு வருஷம் பொறு.”

சகலை ஊரில் இத்தனை நாள் அழுதுகொண்டிருந்தவர்கள் வரிசையில் இப்போது அமலாவும் சேர்ந்துவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் தெருவில், உங்கள் ஆபீசில், உங்கள் மாமனார் வீட்டில் இப்படி ஒருத்தர் உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டார், இதை உடனே அவருக்கு அனுப்பவேண்டும் என்று கை பரபரக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் போனில் நீங்கள் கடைசியாக யார் யாரைக் கூப்பிட்டு, ‘விசாரிச்சியா, யோசிச்சியா, இப்ப எதுக்கு’ என்று கேட்டீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள்.

அமலாவின் போனில் இருந்த பதினாலில், பதினொன்றுதான் சண்முகம் அண்ணனுடையது. அவர் எனக்குப் போன் போட்டு, நான் கூப்ட்டா எடுக்கல, நீ போட்டுச் சொல்லு, திங்கக்கிழமைதானாம் என்றார். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். யார் சொன்னது, எந்தப் பள்ளி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பில் சோறு கொதிக்க, அவளைத் திரும்பி வந்துவிடு என்று சொல்ல, மூன்று தடவை நான் போட்டேன். மூன்றையும் அவள் பார்த்திருக்கிறாள். இன்றுவரைக்கும், எதுக்குக்கா கூப்ட்டீங்க என்று என்னை அவள் கேட்டதில்லை.